மூடி திறந்த முதல் மூச்சு

இரவு இரண்டு மணி இருக்கும். டேங்கர் எடைமேடையில் ஏறி இறங்கி உள்ளே வந்து நிற்கிறது. ஓட்டுநர் சலானை நீட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நடக்கிறார். டேங்குக்குள் மூன்று அறைகள், மேலே மூன்று மூடிகள், பின்புறம் மூன்று வால்வுகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த ஒரு சீல். சலானில் எழுதிய எண்ணையும் சீலில் இருக்கும் எண்ணையும் டார்ச் அடித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும். வழியில் யாராவது மூடியைத் திறந்திருந்தால் அதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் கிடையாது.

இந்த இடத்தைப் பால் பண்ணைக்காரர்கள் ஆர்.எம்.ஆர்.டி. என்பார்கள். கச்சாப் பாலை வாங்கிக்கொள்ளும் மேடை. என் இருபதுகளின் நடுவில் நான்கு வருடம் அந்த மேடையில் நின்றிருக்கிறேன். உணவுத் தொழிற்சாலை என்றதும் எல்லோருக்கும் பளபளக்கும் இயந்திரங்களும் பாக்கெட் ஓடிவரும் பட்டையும்தான் நினைவுக்கு வரும். வாசலில் நின்று சரக்கை வாங்குபவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பவரும், சேலத்து ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்குக்குப் 'பாயிண்ட்' போடுபவரும், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் லாரியிலிருந்து இறங்கும் பெங்களூராக் காய்களில் அழுகலைப் பொறுக்குபவரும் இந்த வேலையைச் செய்பவர்கள்தான். சரக்கு நல்லதா, எவ்வளவு, உள்ளே விடலாமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நெல் ஈரமாக இருந்தால் காய வைக்கலாம். கிழங்கும் மாங்காயும் ஒரு நாள் தாங்கும். பால் காத்திருக்காது.

மாட்டின் மடியை விட்டு வரும் பால் உடற்சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நான்கு மணி நேரத்தில் 12 இரட்டிப்பு. ஒன்று 4,096 ஆகிவிடும். அதனால்தான் கிராமத்துப் பால் சங்கத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும் குளிர்கலனில் பாலை 4 டிகிரிக்கு இறக்குகிறார்கள். குளிர் வைத்தால் பாக்டீரியா சாவதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. அதிலும் குளிரைப் பொருட்படுத்தாத சூடோமோனாஸ் போன்ற ஒரு கூட்டம் உண்டு. 4 டிகிரியிலும் அவை மெல்லப் பெருகும், பாலில் சில நொதிகளை விட்டுவைக்கும். பிறகு 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும்போது அந்தப் பாக்டீரியா செத்துவிடும். நொதி சாகாது. கொழுப்பையும் புரதத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். பாக்கெட்டுக்குப் போன பிறகு லேசான கசப்பாக, காறலாக அது நாக்கில் தெரியும். கெட்ட பாலை நல்ல பாலாக்கும் இயந்திரம் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. உள்ளே இருக்கும் அத்தனை எஃகும் மேடையில் வாங்கிய தரத்தைக் காப்பாற்றத்தான் முடியும், ஒரு படிகூட உயர்த்த முடியாது. இந்த வேலையின் கனம் அங்கே இருக்கிறது.

ஏணியில் ஏறியாயிற்று. முதல் கருவி மூக்கு.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை நாங்கள் பெரியண்ணன் என்போம். மேடைக்கு வருமுன் வெற்றிலை பாக்கு போடமாட்டார், வாசனைத் தைலம் தேய்க்கமாட்டார். "மூடியைத் திறந்த உடனே மூக்கை வுடு தம்பி. ரெண்டாவது மூச்சுல ஒண்ணும் தெரியாது" என்பார். அது உண்மை. மூடிய டேங்கில் பாலுக்கு மேலே நிற்கும் காற்றில் வாசனை எல்லாம் அடைந்து கிடக்கும். மூடி திறந்த சில விநாடிகளில் அது கலைந்துவிடும். மூக்கும் எந்த வாசனைக்கும் சீக்கிரம் பழகிப்போகும். நாற்பது லிட்டர் கேன்களில் பால் வந்த காலத்தில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, அதன் உட்புறத்தை மோந்து பார்ப்பார்களாம். பாலை விட மூடியில்தான் வாசனை தேங்கி நிற்கும்.

அந்த இரவு முதல் இரண்டு அறைகளில் ஒன்றும் இல்லை. குளிர்ந்த பாலுக்கு உரிய மெல்லிய இனிப்பு மணம், அவ்வளவுதான். மூன்றாவது மூடியைத் திறந்ததும் என் மூக்கில் ஏதோ இடறியது.

"புளிப்பு மாதிரி அடிக்குதுண்ணே."

பெரியண்ணன் ஏறி வந்து ஒரு மூச்சு இழுத்தார். சட்டென்று பதில் சொல்லவில்லை.

"புளிப்பு இல்ல தம்பி. ஊறுகாய்ப்புல்லு. கறக்கறதுக்குக் கொஞ்சம் முந்தி போட்டிருக்காங்க. எதுக்கும் டெஸ்ட் வெச்சுப் பாத்துட்டு வாங்கு."

மாடு தின்பதன் வாசனை பாலில் ஏறும். வெங்காயத்தாள், முட்டைக்கோசு இலை, காற்றுப்புகாமல் மூடிப் புளிக்கவைத்த ஊறுகாய்ப்புல் எதுவானாலும் கறவைக்கு முன்பு போட்டால் இரைப்பையிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் ரத்தத்துக்குப் போய் மடிக்கு வந்துவிடும். கறந்த பிறகு போட்டால் அவ்வளவு தெரியாது. நிறமும் இப்படித்தான். பசும்பாலின் லேசான மஞ்சள் புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின். எருமை அதே புல்லைத் தின்றாலும் அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், அதனால் அதன் பால் வெள்ளைவெளேரென்று இருக்கும்.

அடுத்து சாம்பிள். கேட்க எளிது. இந்த வேலையிலேயே நான் அதிகம் தவறிய இடம் இது.

கொழுப்பு தண்ணீரை விட லேசானது. டேங்கர் ஒரே இடத்தில் நின்றால் ஆடை மேலே ஏறும். மேற்பரப்பில் முகந்தால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும், அடிவால்வில் பிடித்தால் குறைவாகக் காட்டும். அதனால் ப்ளஞ்சரை, அதாவது நீண்ட கம்பியின் முனையில் ஓட்டை போட்ட தட்டு வைத்த கருவியை, அடிவரை இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும். தோள் இற்றுப்போகும். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், வரிசையில் ஐந்து மணி நேரம் காத்திருந்த ஒரு டேங்கரில் நான் நாலைந்து இழுப்போடு நிறுத்திவிட்டு மேலாக முகந்தேன். ஓர் அறையில் கொழுப்பு 5.1 என்று வந்தது. ஷிப்ட் பொறுப்பாளர் சலானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மறுபடி கலக்கு" என்றார். நன்றாகக் கலக்கி எடுத்த சாம்பிளில் 4.2. அந்த அறையில் 5,000 கிலோ பால் இருந்தது. வித்தியாசம் 45 கிலோ கொழுப்பு. ஏறக்குறைய அதே எடை நெய்க்கான காசு, இல்லாத கொழுப்புக்குக் கணக்கில் ஏறியிருக்கும். அன்றைக்கு எடுத்தது அடிப் பாலாக இருந்திருந்தால் அத்தனை கொழுப்பும் யாரோ சில நூறு மாட்டுக்காரர்களின் கணக்கிலிருந்து போயிருக்கும். அதற்குப் பிறகு ப்ளஞ்சரைப் பாதியில் விட்டதில்லை.

சாம்பிள் வந்ததும் கொதி சோதனை. மேடையில் அதை சி.ஓ.பி. என்பார்கள். 5 மில்லி பாலைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிச் சுவரில் பால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சின்னச் சின்னத் துகளாக ஒட்டினால் அந்தப் பால் சூடு தாங்காது, உள்ளே விட்டால் பாலைச் சூடாக்கும் பாஸ்டரைசர் தகடுகளிலேயே திரிந்து அடைத்துக்கொள்ளும். வீட்டில் பால் காய்ச்சும்போது திரிந்துபோகிறதே, அதுவேதான். அங்கே ஒரு பாத்திரம், இங்கே இருபதாயிரம் லிட்டர்.

மூன்றாவது அறையின் குழாயை விளக்குக்கு நேரே பிடித்துச் சாய்த்தேன். வழவழவென்று இறங்கியது. ஆல்கஹால் சோதனையும் செய்தோம். பாலும் 68 சதவீத ஆல்கஹாலும் சம அளவில் கலந்து குலுக்கினால் புளிக்கத் தொடங்கிய பால் துகள்துகளாகும். சீம்பால் கலந்திருந்தாலும் மடிநோய் கண்ட மாட்டின் பால் கலந்திருந்தாலும் இதில் பிடிபடும். துகள் இல்லை. அமிலத்தன்மை 0.14 சதவீதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கறந்த பாலில் லாக்டிக் அமிலம் அநேகமாக இருக்காது. ஆனாலும் சோதித்தால் 0.13, 0.14 என்று காட்டும். பாலில் இருக்கும் கேசின் புரதமும் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் சேர்ந்து கொடுக்கும் இயற்கையான அளவு அது. அதற்கு மேலே ஏறுவதுதான் பாக்டீரியா செய்த அமிலம். மூன்றாவது அறை தேறியது. பெரியண்ணனின் மூக்கை அன்றைக்கு முழுசாக நம்பினேன் என்று சொல்லமாட்டேன். பக்கத்துச் சோதனைக்கூடத்தில் மெத்திலீன் நீலம் வைக்கச் சொல்லி மூன்று அறைச் சாம்பிளையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொழுப்புச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பால் வியாபாரத்தில் நியாயம் என்ற ஒன்றைக் கொண்டுவந்ததே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் வெண்ணெய், சீஸ் ஆலைகள் பெரும்பாலும் பாலை எடை போட்டே வாங்கின. தண்ணீர் ஊற்றியவருக்கும், ஆடையை எடுத்துக்கொண்டு ஊற்றியவருக்கும், நல்ல பால் கொடுத்தவருக்கும் ஒரே விலை. 1890இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் பாப்காக் கந்தக அமிலமும் சுழற்றும் கருவியும் வைத்துக் கொழுப்பை அளக்கும் எளிய முறையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை வாங்காமல் எல்லோரும் பயன்படுத்த விட்டுவிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் நிக்லாஸ் கெர்பர் இன்னொரு வடிவம் கொடுத்தார். நம் பால் பண்ணைகளில் ஊன்றியது கெர்பர் முறை.

கழுத்தில் அளவுக்கோடு கீறிய பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாய். முதலில் 10 மில்லி கந்தக அமிலம். பிறகு 10.75 மில்லி பால், குழாயின் ஓரமாக வழியவிட்டு. அமிலத்தின் மேல் பால் தனி அடுக்காக நிற்கும், தொடும் இடத்தில் மட்டும் பழுப்புக் கோடு விழும். மேலே 1 மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பானைத் திருகித் துணியில் சுற்றிக் குலுக்கும்போது துணியைத் தாண்டிக் கை சுடும். வெள்ளைக் கட்டிகள் கரைந்து கரைந்து குழாய் முழுக்கக் காப்பிக் கஷாய நிறமாகும். பாலின் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு புரதச் சவ்வுக்குள் இருக்கிறது. அமிலம் அந்தச் சவ்வைக் கரைத்ததும் கொழுப்பு விடுபடும். நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் நாலைந்து நிமிடம் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் கொஞ்சம் வைத்து எடுத்தால், கறுத்த திரவத்தின் மேல் தேன் நிறத்தில் தெளிந்த ஒரு தூண் நிற்கும். அதன் உயரம்தான் கொழுப்புச் சதவீதம். ஊரில் ஒரு குடும்பத்தின் பத்து நாள் பால் காசு அந்தத் தூணின் உயரத்தைப் பொறுத்தது. இப்போது ஒரு நிமிடத்துக்குள் எண்ணைக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க இன்றைக்கும் கெர்பரிடம்தான் போகிறார்கள்.

லாக்டோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்பதைப் பால் வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பாலின் அடர்த்தி குறைந்து அளவி இறங்கும். ஆடை எடுத்தால் அடர்த்தி கூடி அளவி ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் நல்ல பாலைப் போலவே 28, 29 என்று நிற்கும். சர்க்கரையோ உப்போ யூரியாவோ போட்டு அளவியை ஏற்றுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயம் இருக்கிறது: மாவுக்கு அயோடின் நீலம், சர்க்கரைக்கு ரிசார்சினால் சிவப்பு, புளிப்பை மறைக்கப் போட்ட சோடாவுக்கு ரோசாலிக் அமிலத்தின் ரோஜா நிறம். தண்ணீருக்கு நம்பகமானது உறைநிலை. பசும்பால் ஏறக்குறைய மைனஸ் 0.54 டிகிரியில் உறையும், மாட்டுக்கு மாடு பெரிதாக மாறாது. பாலின் கரைபொருள் அழுத்தத்தை மாட்டின் ரத்தத்தோடு உடம்பே சமமாக வைத்துக்கொள்கிறது. ஊற்றிய தண்ணீர் அந்தச் சமநிலையைக் கலைத்து உறைநிலையைப் பூஜ்ஜியத்தை நோக்கி நகர்த்திவிடும்.

ஆனால் கலப்படம்தான் பெரிய ஆபத்து என்ற எண்ணம் எனக்கு மேடையிலேயே மாறிவிட்டது. மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று மருந்து. மடிநோய்க்குக் காம்பில் ஏற்றும் பெனிசிலின் வகை மருந்து சில நாட்கள் பாலில் வரும். அதுவரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. ஊற்றிவிட்டால் காய்ச்சினாலும் பெரும்பாலும் போகாது. தயிருக்கு இடும் உறையின் பாக்டீரியாவை அது கொன்றுவிட, மறுநாள் தொட்டி முழுக்கத் தோயாத பாலாக நிற்கும். கைவிரல் அகலப் பட்டை ஒன்றை முக்கிக் கோடு தெரிகிறதா என்று பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று அஃப்ளடாக்சின். ஈரத்தில் கிடந்த கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சை பி1 என்ற நச்சை உண்டாக்கும். மாட்டின் ஈரல் அதை எம்1 ஆக மாற்றிப் பாலில் விடும். சூடு அதை அழிக்காது. ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்து 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12தான். அஃப்ளடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியவை 368. வரம்பு அதிகம் தாண்டிய மாநிலங்களின் மேல்வரிசையில் தமிழ்நாடும் இருந்தது. யூரியாவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கொட்டகை மூலையில் மழைச்சாரல் படும் பிண்ணாக்கு மூட்டையைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேச வேண்டும். ஒரு பலகை மேல் தூக்கி வைத்தாலே பிரச்சினை கொஞ்சமாவது குறையும்.

சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் குழாய் மாட்டுவது. அதன் வாய்க்கு எப்போதும் மூடி இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. பால் வடிகட்டி வழியாகப் போய்க் குளிர்தகடுகளில் மறுபடி 4 டிகிரிக்கு இறங்கி சைலோ என்ற பெரிய சேமிப்புக் கலனுக்கு ஏறும். கடைசிப் பால் இறங்கும்போது காற்றும் சேர்ந்து இழுபடும். அந்தக் காற்றையும் பாலாக எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேங்கர் போனதும் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது பெரியண்ணனின் பழக்கம். ஒரு வைக்கோல் துணுக்கு, ஒரு மாட்டு மயிர், எப்போதாவது ஒரு ஈ. எந்த ஊர்க் குளிர்கலனில் மூடி சரியில்லை என்று அதை வைத்தே சொல்லிவிடுவார், மறுநாள் அந்தச் சங்கத்துச் செயலருக்குப் போன் போகும்.

காலியான டேங்கை முதலில் தண்ணீர், அடுத்துச் சுடு காஸ்டிக் சோடாக் கரைசல், மறுபடி தண்ணீர், தேவையானபோது அமிலம், கடைசியில் தண்ணீர் என்று மேலிருந்து சுழலும் தெளிப்பான் கழுவும். உள்ளே கறை தெரிகிறது என்று மூடி வழியாக யாரும் இறங்கக் கூடாது. மூடிய கலனுக்குள் மூச்சுக்குக் காற்று இல்லாமல் விழுந்தவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாகும் விபத்துகள் பல தொழில்களில் நடக்கின்றன. ஒருமுறை நான் குனிந்து தலையை உள்ளே விட்டதற்குப் பெரியண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டார். அவர் என்னைக் கடிந்துகொண்ட ஒரே சந்தர்ப்பம் அது.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இரவுகளும் வரும். சைலோவில் பால் குறைவு, பாக்கெட் ஓட்டுபவர்கள் காத்திருக்கிறார்கள், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, சாம்பிளில் துகள் தெரிகிறது. "ஐயாயிரம் லிட்டர்தானே, அறுபதாயிரத்தோட கலந்தா தெரியவா போகுது" என்று யாராவது சொல்வார்கள். கலந்தால் சோதனையில் தெரியாமல் போகலாம். பாக்டீரியாவும் நொதியும் போகாது, அறுபதாயிரம் லிட்டருக்கும் பரவும். வால்வைத் திறக்கும் வரைதான் தவறைத் திருப்பி அனுப்ப முடியும். ஆனால் திருப்பி அனுப்பும் டேங்கருக்குள் இருப்பது முந்நூறு வீட்டுப் பால். கெடுத்தது ஒரு வீடாக இருக்கலாம், மின்சாரம் போன ஒரு குளிர்கலனாக இருக்கலாம். அதனால் எங்கள் மேடையில் ஒரு வழக்கம்: மறுக்கும் பாலை இரண்டு பேர், புதிய சாம்பிள் எடுத்து, இரண்டாம் முறை சோதிக்காமல் மறுக்கக் கூடாது. ஒரு குப்பியில் சாம்பிள் சீல் வைத்துக் குளிர்பெட்டிக்குப் போகும். அந்தப் பாலைச் சாக்கடையில் கொட்டிவிடவும் முடியாது. தண்ணீரின் பிராணவாயுவை உறிஞ்சுவதில் பால் வீட்டுக் கழிவுநீரை விட நூற்றுக்கணக்கான மடங்கு கடுமையானது.

அந்த இரவு அப்படி ஒன்றும் நேரவில்லை. மூன்று அறையும் இறங்கின, வண்டி கழுவிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு டேங்கர்.

சோதனைக்கூடத்தில் கொடுத்த மெத்திலீன் நீலச் சோதனை மேடைக்கு உதவாத சோதனை, அவ்வளவு மெதுவானது. 10 மில்லி பாலில் 1 மில்லி நீலச் சாயம் விட்டு 37 டிகிரி வெந்நீரில் வைப்பார்கள். பாக்டீரியா பெருகப் பெருகப் பாலின் பிராணவாயு தீர்ந்து நீலம் வெளுக்கும். அரை மணியில் வெளுத்தால் மோசமான பால். ஐந்து மணி நேரம் தாண்டினால் மிக நல்ல பால். முடிவு வருவதற்குள் பால் பாக்கெட்டாகித் தெருவுக்குப் போய்விடும், அடுத்த நாள் அந்தச் சங்கத்துக்குச் சொல்ல மட்டும் அது பயன்படும். இரண்டேகாலுக்கு வைத்த குழாய்கள். ஏழரை மணிக்கு ஷிப்ட் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போகிற வழியில் சோதனைக்கூடத்துக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். வெந்நீர்த் தொட்டியின் தாங்கியில் வரிசையாகக் குழாய்கள், சில வெளுத்திருந்தன. மூன்றாவது அறையின் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இன்னும் நீலமாகத்தான் இருந்தது.